பிடிக்காம பாருங்க... பொன்வண்டை!

'பொன்வண்டு'ன்னு சொன்னா உங்கள்ல பாதிப் பேருக்குத் துணி சோப்பு ஞாபகம் வரும். மீதிப் பேருக்குத் தீப்பெட்டி ஞாபகம் வரும். அஞ்சாம் கிளாஸ்ல டவுசர் பாக்கெட்டுக்குள்ள ஒரு தீப்பெட்டி, அதுக்குள்ள நாலு இலை, இலைக்கு நடுவுல பச்சையா மினுங்குற ஒரு வண்டு. கடைசி பெஞ்ச்ல அதை லேசாத் திறந்து காட்டுனவன்தான் அன்னிக்கு கிளாஸ் ஹீரோ. 'டேய், முட்டை போட்டிருச்சுடா!'ன்னு சொல்லிட்டான்னா பக்கத்து செக்ஷனே திரண்டு வரும்!

அந்த ஹீரோக்கள், ஹீரோயின்கள் எல்லாம் இப்ப காலேஜ்ல இருக்கீங்க. உங்களுக்கு இந்த வாரம் ஒரு அசைன்மென்ட். இன்டர்னல் மார்க் கிடையாது. அட்டென்டன்ஸும் கிடையாது. அதே பொன்வண்டை, கையால தொடாம, மரத்துல இருக்கும்போதே பார்க்கணும். எண்ணணும். எழுதணும். அவ்வளவுதான். கேட்கறதுக்கு ரொம்ப ஈஸி. செய்யறது கொஞ்சம் கஷ்டம். ஏன் கஷ்டம், ஏன் செஞ்சே ஆகணும்னு ரெண்டையும் பார்ப்போம்.

எங்கே... எப்போ?

இடம், வீரசோழன். விருதுநகர் மாவட்டம், திருச்சுழி தாலுகா. மானாமதுரையில இருந்து விருதுநகர் போற ரயில் பாதையில நரிக்குடி, திருச்சுழி, அருப்புக்கோட்டைன்னு ஸ்டேஷன்கள் வரிசையா வருமே, அந்த வறண்ட சீமையில இருக்கிற சந்தை ஊர். 'அங்க என்னங்க இருக்கு? வெயிலும் வேலிக்கருவையும்தானே?'ன்னு அந்தப் பக்கத்துப் பசங்களே அலுத்துக்குவாங்க. நமக்கு இயற்கைன்னா கொடைக்கானல், டாப்ஸ்லிப்னு மலை ஏறியாகணும். பஸ்ல நாலு மணி நேரம் வாந்தி எடுத்தாத்தான் அது நேச்சர்!

பொன்வண்டுக்கு அந்தக் கவலையே இல்லை. அதுக்கு வேண்டியது முள்மரம், சுள்ளுனு வெயில், மழை பெஞ்சு இளகின மண். மூணுமே இங்கே தாராளம். கண்மாய்க்கரை, மேய்ச்சல் பொட்டல், தரிசு ஓரம், ஊருக்கு வெளியே நிக்கிற வேல மரக் கூட்டம்... இதுங்கதான் அதோட ஊட்டி.

காலம்? இந்தச் சீமைக்கு மழைன்னா முக்கியமா வடகிழக்குப் பருவமழைதான். 'ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை'ன்னு சொல்வாங்களே, அந்த ரெண்டு மாசம். நல்ல மழை விழுந்து, காய்ஞ்சு நின்ன முள்மரம் எல்லாம் பச்சைத் துளிர் விடுது பாருங்க, அதுதான் சீசன். தீபாவளி லீவும் கரெக்டா அப்பத்தான் வருது. ஹாஸ்டல்ல இருக்கிறவங்க ஊருக்குப் போற நேரம். இதைவிட வேற என்ன வேணும்?

நேரம், காலையில ஏழு முதல் ஒன்பதரை வரை. பூச்சிகளுக்கு உடம்புச் சூடு வெயில்ல இருந்துதான் வரணும். அதனால காலைக் குளிர்ல வண்டு மந்தமா, இலையைக் கட்டிப் பிடிச்சுட்டு உட்கார்ந்திருக்கும். நம்ம ஹாஸ்டல் பசங்க மாதிரி! வெயில் ஏற ஏற சுறுசுறுப்பாகி, 'கொர்ர்ர்'னு சத்தத்தோட மரம் விட்டு மரம் பறக்க ஆரம்பிச்சிடும். அப்புறம் நீங்க கழுத்து வலிக்க மேலே பார்த்துட்டு நிக்கவேண்டியதுதான்.

ஆளை அடையாளம் தெரிஞ்சுக்குங்க

பச்சையா மினுங்குறதெல்லாம் பொன்வண்டு இல்லை. பொன்வண்டுக் குடும்பத்துக்கு விஞ்ஞானிகள் வெச்ச பேர் 'புப்ரெஸ்டிடே'. உலகம் முழுக்க இதுல சுமார் 15,000 இனங்கள் இருக்கு. அரிசி மணி அளவு குட்டிகளும் உண்டு, கட்டை விரல் நீளத் தடியன்களும் உண்டு. நம்ம தீப்பெட்டி ஹீரோ 'ஸ்டெர்னோசெரா'ங்கிற கோஷ்டியைச் சேர்ந்தவர். நாலு சென்டிமீட்டர் வரைக்கும் இருப்பார். தோட்டா மாதிரி உடம்பு, பின்பக்கம் கூம்பிப் போயிருக்கும்.

தமிழ்நாட்டு வறண்ட காட்டுல ரெண்டு பேரை மனசுல வெச்சுக்குங்க. ஒருத்தர் ஸ்டெர்னோசெரா கிரைசிஸ். கழுத்துப் பகுதி பளபளப் பச்சை, முதுகு மேல இருக்கிற சிறகுமூடி ரெண்டும் செம்பழுப்பு. பச்சை மஃப்ளர் கட்டி, காப்பிக் கலர் கோட் போட்ட மாதிரி! இன்னொருத்தர் ஸ்டெர்னோசெரா ஸ்டெர்னிகார்னிஸ். உடம்பு முழுக்கப் பச்சை, சிறகுமூடியில வெளிறின சின்னச் சின்னக் குழிப் புள்ளிகள். இவருக்குப் பேர் வெச்சது சாதாரண ஆள் இல்லை. உயிரினங்களுக்கு ரெட்டைப் பேர் வைக்கிற முறையை நிலைநிறுத்துன ஸ்வீடன் விஞ்ஞானி லின்னேயஸ், 1758-ல்.

'ஸ்டெர்னோசெரா'ன்னா கிரேக்கத்துல 'நெஞ்சுக் கொம்பு'. செத்து விழுந்த வண்டு ஒண்ணு கிடைச்சா மல்லாக்கத் திருப்பிப் பாருங்க. நெஞ்சுப் பக்கம் முன்னாடி நீட்டிக்கிட்டு ஒரு முனை தெரியும். பேருக்குக் காரணம் அதுதான்.

போலிகள் ஜாக்கிரதை! மீசையின் நுனி விசிறி மாதிரி விரியுதா? அது சாணி வண்டோட சொந்தக்காரன். பொன்வண்டு மீசை குட்டையா, ரம்பப் பல் மாதிரி இருக்கும். மல்லாந்து விழுந்தா 'டக்'னு சத்தத்தோட எகிறிக் குதிக்குதா? அதுவும் வேற குடும்பம். பொன்வண்டு அப்படி ஸ்டன்ட் எல்லாம் பண்ணாது. ஆபத்துன்னா காலை மடக்கிட்டு, கிளையில இருந்து பொத்துனு விழுந்து, செத்த மாதிரி நடிக்கும். வைவாவுல கேள்வி கேட்டா நாம நடிப்போமே, அதே டெக்னிக்!

ஒரு பழைய கதையும் சொல்லிடறேன். லின்னேயஸ்கிட்ட படிச்ச கோனிக்ங்கிற மருத்துவர் 1768-ல் தரங்கம்பாடிக்கு வந்தார். அப்ப அது டென்மார்க்காரங்க ஊர். அங்கே இருந்து ஐரோப்பாவுக்குப் போன பூச்சிகளைப் பார்த்துத்தான் ஃபேப்ரிசியஸ்ங்கிற பூச்சி நிபுணர் நம்ம நாட்டுப் பூச்சிகள் பலவற்றுக்குப் பேர் வெச்சார். அன்னிக்கு கேமரா கிடையாது. பிடிச்சு, ஊசி குத்தி, கப்பல்ல அனுப்பினாத்தான் அடுத்தவர் பார்க்க முடியும். உங்க பாக்கெட்டுல இப்ப கேமரா இருக்கு. ஊசிக்கும் தீப்பெட்டிக்கும் வேலையே இல்லை!

பளபளன்னு இருந்தும் ஏன் கண்ணுல படலை?

முதல் நாள் போனவங்க எல்லாரும் சொல்ற டயலாக் இது: 'ஒரு மணி நேரம் தேடினேன், ஒண்ணுகூட இல்லை.' இருந்திருக்கும். உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது.

இங்கிலாந்துல பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கரின் ஷெர்ன்ஸ்மோவும் கூட்டாளிகளும் 2020-ல் ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க. நம்ம வண்டோட ஆசிய உறவுக்காரர் ஸ்டெர்னோசெரா ஈக்விசிக்னேட்டா. அதோட சிறகுமூடிகளை எடுத்து, அதுல புழுவை இரையா வெச்சு, காட்டு இலைகள் மேல ஒட்டி வெச்சாங்க. பறவைகள் எதைக் கொத்திட்டுப் போகுதுன்னு கணக்கெடுத்தாங்க. பளபளன்னு கலர் மாறுற சிறகுமூடிதான் அதிகமாத் தப்பிச்சது! மனுஷங்களைத் தேடச் சொன்னப்பவும் இதே கதைதான். கோணத்துக்குக் கோணம் நிறம் மாறுறதால, 'இது ஒரே பொருள், இதுதான் அதோட ஓரம்'னு கண்ணால வகுத்துப் பார்க்க முடியலை. மினுமினுப்பான இலைக்கு மேல இருந்தா இன்னும் கஷ்டம்.

அதனால, 'எங்கடா மினுங்குது?'ன்னு தேடாதீங்க. தடயத்தைத் தேடுங்க. துளிர் இலைகள் ஓரம் கடிபட்டு மொட்டையாகி இருக்கா? மரத்தடியில புழுக்கை சிதறிக் கிடக்கா? அந்தக் கிளைக்கு எதிரே அஞ்சு நிமிஷம் அசையாம நில்லுங்க. செல்போனை எடுக்காம அஞ்சு நிமிஷம்! வண்டு ஒரு காலைத் தூக்கி வைக்கும்போது அதுவே உங்களுக்குக் காட்டிக் கொடுத்துடும். கிளையை உலுக்க மட்டும் கூடாது. உலுக்கினா அவர் கீழே விழுந்து நடிக்க ஆரம்பிச்சிடுவார், உங்க 'அப்சர்வேஷன்' அதோட முடிஞ்சுது.

இது சாயம் இல்லை, பிசிக்ஸ்!

பிசிக்ஸ் மேஜர் மக்களே, உங்களுக்கு ஒரு ஸ்பெஷல். பொன்வண்டோட பச்சை, சாயப் பச்சை இல்லை. சிறகுமூடியோட மேல்தோல்ல ரொம்ப மெல்லிய அடுக்குகள் ஒண்ணு மேல ஒண்ணா இருக்கு. ஒவ்வொரு அடுக்குல இருந்தும் திரும்பி வர்ற ஒளி அலைகள் ஒண்ணோட ஒண்ணு சேர்றப்போ, சில நிறம் கூடிப் பிரகாசமாகுது, சில நிறம் அடங்கிப் போகுது. மழைக்கால ரோட்டுல சிந்தின டீசல் வானவில் காட்டுதே, சோப்புக் குமிழ்ல கலர் ஓடுதே, எல்லாம் ஒரே குடும்பத்துச் சமாசாரம். செத்துக் கிடக்கிற வண்டை எடுத்து வெயில்ல மெதுவாச் சாய்ச்சுப் பாருங்க. பச்சை நீலத்துக்குப் போகும். புத்தகத்துல மனப்பாடம் பண்ணின 'இன்டர்ஃபியரன்ஸ்' உள்ளங்கையில!

சாயம்னா வெளுக்கும். இது அமைப்பு. அமைப்பு கெடாத வரை மங்காது. அதனாலதான் மனுஷன் ரொம்பக் காலமா இதும் மேல கண் வெச்சிருக்கான். ஜப்பான்ல நாரா பக்கத்துல ஹோர்யூஜி கோயில்ல இருக்கிற ஒரு சின்ன மரச் சன்னதி ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதை அலங்கரிச்சது பொன்வண்டுச் சிறகால. இமயமலை அடிவாரத்து பசோலி ஓவியர்கள், ராதையின் நகையில மரகதம் காட்டணும்னா சிறகுத் துண்டை வெட்டி ஒட்டுவாங்க.

நம்ம மெட்ராஸுக்கும் இதுல பங்கு உண்டு. 19-ம் நூற்றாண்டுல மெட்ராஸ், ஐதராபாத் எம்பிராய்டரிக் கலைஞர்கள் மஸ்லின் துணியில பொன்வண்டுச் சிறகை ஜிகினா மாதிரி வெச்சுத் தைச்சாங்க. வெள்ளைக்காரத் துரைசாணிகள் கவுனுக்கு அதுல செம கிராக்கி. லண்டன்ல 1888-ல் 'மேக்பெத்' நாடகம் போட்டப்ப, நடிகை எலன் டெர்ரி போட்டுக்கிட்ட பச்சை கவுன்ல சுமார் 1,000 சிறகுமூடிகள்! அதே டிரெஸ்ல அவரை சார்ஜென்ட் என்ற ஓவியர் 1889-ல் வரைஞ்ச படம் லண்டன்ல டேட் கலைக்கூடத்துல இருக்கு. அந்த கவுனைப் பழுது பார்த்து, 2011-ல் மறுபடி பார்வைக்கு வெச்சாங்க. நூல் இத்துப் போச்சு, துணி நைஞ்சு போச்சு. சிறகு இன்னிக்கும் மினுங்குது!

பீர் பாட்டில் காதல்

வண்டு உலகத்துலயும் ஒருதலைக் காதல் உண்டு. ஆஸ்திரேலியாவுல ஒரு பெரிய பொன்வண்டு இனம். பெண் வண்டுக்குப் பழுப்பு நிறம், பளபளப்பு, மேலே சின்னச் சின்னக் குழிகள். டாரில் க்வின், டேவிட் ரென்ட்ஸ்னு ரெண்டு விஞ்ஞானிகள் ரோட்டோரத்துல ஒரு விசித்திரத்தைப் பார்த்தாங்க. யாரோ குடிச்சிட்டுத் தூக்கி எறிஞ்ச பழுப்பு பீர் பாட்டில். அடிப்பக்கம் பிடிப்புக்காகக் குழிக் குழியா இருக்கிற டிசைன். அதைப் பெண் வண்டுன்னு நினைச்சு ஆண் வண்டுகள் மேலே ஏறிக்கிட்டு இறங்கவே மாட்டேங்குது! எறும்பு வந்து கடிச்சாலும் சரி, வெயில் வறுத்தாலும் சரி, காதல்னா காதல்தான். 1983-ல் அவங்க இதைக் கட்டுரையா எழுதினாங்க. 2011-ல் 'இக் நோபல்' பரிசு கிடைச்சது. முதல்ல சிரிக்க வெச்சு, அப்புறம் யோசிக்க வைக்கிற ஆராய்ச்சிக்குத் தர்ற பரிசு அது.

சிரிச்சாச்சா? இப்ப யோசிங்க. பொண்ணைத் தேடிப் போக அந்த வண்டுக்கு இருக்கிற நாளே கொஞ்சம். அதைப் பாட்டில் மேல உட்கார்ந்தே தீர்த்துட்டு வெயில்ல செத்துப் போனா, அடுத்த தலைமுறை எங்கே இருந்து வரும்? பாட்டிலை எறிஞ்சவன் வண்டைக் கொல்லணும்னு நினைக்கலை. அது பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கலை.

நம்ம தீப்பெட்டிக் கதையும் கிட்டத்தட்ட இதேதான்.

தீப்பெட்டிக்குள்ள முடிஞ்சு போறது எது?

பொன்வண்டுக் குடும்பத்துல நிறையப் பேர் புழுப் பருவத்துல மரத்தைக் குடைஞ்சு வாழறவங்க. பட்டுப்போன வேலங் கட்டையில நீள்வட்டமா ஓட்டை பார்த்தா, அதுக்குள்ள இருந்து ஒருத்தர் வெளியே வந்திருக்கலாம். வட அமெரிக்காவுல ஒரு இனம், மரத்துக்குள்ள புழுவா இருக்கும்போதே அதை அறுத்து வீடு கட்டிட்டாங்க. 51 வருஷம் கழிச்சு வண்டாகி வெளியே வந்ததா பதிவு இருக்கு. நம்ம அரியர் எல்லாம் என்ன பெரிசு!

ஆனா ஸ்டெர்னோசெரா வகை அப்படி இல்லை. இது மண்ணுல வாழுற பார்ட்டி. தாய் வண்டு முட்டையை மண்ணுல விடுது. புழு மண்ணுக்குள்ளேயே வேரைத் தின்னு மாசக்கணக்குல வளருது. கூட்டுப்புழு ஆகுறதும் மண்ணுக்குள்ளதான். மழை வந்து மண் இளகினதும்தான் சிறகு முளைச்ச வண்டா வெளியே வருது. நாம பார்க்கிற அந்தப் பச்சைப் பளபளப்பு, அதோட வாழ்க்கையில கடைசிச் சில வாரம். அந்தச் சில வாரத்துல சாப்பிடணும், ஜோடி தேடணும், முட்டை விடணும். அதுக்கப்புறம் ஆயுள் முடிஞ்சுது.

இப்ப அந்தத் தீப்பெட்டியைத் திரும்ப நினைச்சுப் பாருங்க. 'முட்டை போட்டிருச்சுடா!'ன்னு குதிச்சோமே, அந்த முட்டை எங்கே போச்சு? மண்ணுக்குப் போகலை. வேருக்குப் போகலை. பெட்டியோட குப்பைக்குப் போச்சு. நாம பிடிச்சது ஒரு வண்டு. போனது அடுத்த வருஷத்து வண்டுகள். தீப்பெட்டி நம்ம சாத்தூர், சிவகாசிச் சரக்குதான். நல்ல சரக்கு. அதுக்குள்ள குச்சி மட்டும் இருக்கட்டும்!

எந்த வேலம்... எந்தக் கருவை?

மண்ணுல வாழறவருக்கு இன்னொரு ஆபத்தும் மண்ணுலதான். வீரசோழன், நரிக்குடி, திருச்சுழி பக்கம் போனா கண்ணுக்கு எட்டின வரை சீமைக் கருவேலம். அமெரிக்கக் கண்டத்துல இருந்து வந்த மரம். கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற குடும்பங்களுக்கு அதுதான் சோறு. கண்மாயை, மேய்ச்சல் நிலத்தை அடைச்சுக்கிட்டதும் அதுதான். 2017-ல் மதுரை ஐகோர்ட் கிளை உத்தரவால தென் மாவட்டங்கள்ல அதை அகற்றும் வேலை வேகமா நடந்தது. 2022-ல் தமிழக அரசு இந்த மாதிரி அந்நியத் தாவரங்களுக்குன்னு தனிக் கொள்கையே கொண்டு வந்துச்சு. எடுக்க வேண்டிய இடத்துல எடுக்கட்டும். ஆனா ஜேசிபி ஓட்டுறவருக்கு எல்லா முள்ளும் ஒரே முள்ளுதான். பக்கத்துல நிக்கிறது நாட்டு மரம்னு சொல்ல ஒரு ஆள் வேணும். ஏன்னா மரம் வேரோட போகும்போது, அந்த வேரைத் தின்னுக்கிட்டிருக்கிற புழுவும் மண்ணோட புரண்டு போகும்.

அந்த ஆள் நீங்களா இருக்கலாம். பொன்வண்டு தேடினாத் துளிர் விட்ட வேலம், உசிலை, கொடுக்காப்புளின்னு சின்ன இலை மரங்களாத்தான் சுத்தப்போறீங்க. கூடவே நாலு மரத்தைப் பிரிச்சுப் பார்க்கக் கத்துக்குங்க.

சீமைக் கருவேலம்: பூ, விரல் நீளத்துக்குப் பூனை வால் மாதிரி தொங்கும். காய் நீளமா, வெளிர் மஞ்சளா இருக்கும்.

நாட்டுக் கருவேலம்: பூ, மஞ்சள் பட்டன் மாதிரி உருண்டை. காய் பாசிமணி கோத்த மாதிரி இடுக்கி இடுக்கி இருக்கும். பட்டை கறுப்பு.

வெள்வேலம்: பட்டையே வெளிறிப்போய் இருக்கும். பூ இளமஞ்சள் கலந்த வெள்ளை.

உடை: குடை பிடிச்ச மாதிரி தலை தட்டையா விரிஞ்சு நிக்கும். தூரத்துல இருந்தே சொல்லிடலாம்.

ஒரு நாள் காலையில இந்த நாலையும் பார்த்துட்டா அப்புறம் ஜென்மத்துக்கும் மறக்காது.

நோட்டை எடுங்க!

இந்தப் பக்கத்துல யார்கிட்ட கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: 'எங்க காலத்துல நிறைய இருந்துச்சுப்பா.' நிறையன்னா எத்தனை? நூறா, பத்தா? எந்த மரத்துல? எந்த மாசம்? யாரும் எழுதி வெக்கலை. 'நிறைய'வை வெச்சுக்கிட்டு எந்த மரத்தையும் காப்பாத்த முடியாது. எண் இருந்தாத்தான் பேச முடியும். அதனால ரூல்ஸ் இதோ:

1. ஒரே பாதை. கண்மாய்க்கரையிலோ பொட்டல்லயோ அரை கிலோமீட்டர் பாதை ஒண்ணு தேர்ந்தெடுங்க. அதுல 20 மரம். வாரம் ஒரு நாள், அதே நேரம், அதே மரங்கள்.

2. எழுத வேண்டியது: தேதி, மணி, வெயிலா மேகமா, கடைசி மழை எப்போ, என்ன மரம், எத்தனை வண்டு. சும்மா உட்கார்ந்திருந்துச்சா, இலையைத் தின்னுச்சா, ஜோடியா இருந்துச்சா? உட்கார்றது வேற, தின்னுறது வேற. சீமைக் கருவேலத்துல பார்த்தா இதை மறக்காம எழுதுங்க.

3. ஒண்ணுமே பார்க்கலைன்னா '0'ன்னு எழுதுங்க. பூஜ்யமும் ஒரு எண்தான். நாலு வாரம் பூஜ்யம், அஞ்சாவது வாரம் ஏழுன்னா... சீசன் எப்ப ஆரம்பிச்சதுன்னு உங்க நோட்டு மட்டும்தான் சொல்லும்.

4. மூணு போட்டோ. மேலே இருந்து ஒண்ணு, பக்கவாட்டுல ஒண்ணு, மரத்தோட பூ அல்லது காய் தெரியுற மாதிரி ஒண்ணு. ஃபிளாஷ் வேண்டாம். பளபளப்புல படம் வெளுத்துடும்.

5. படத்தை 'ஐநேச்சுரலிஸ்ட்', 'இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டல்' மாதிரி தளங்கள்ல தேதி, இடத்தோட ஏத்துங்க. பெயர் தெரியலைன்னா தெரிஞ்சவங்க வந்து சொல்லுவாங்க. ஃபேஸ்புக்ல லைக் வாங்கின படம் ஒரு வாரத்துல காணாமப் போகும். இது நிக்கும்.

6. செத்து விழுந்தது கிடைச்சா எடுத்துக்கலாம். சிறகு, மீசை, நெஞ்சுக் கொம்பு எல்லாம் அதுலயே பார்க்கலாம். உயிரோட இருக்கிறது மரத்துலயே இருக்கட்டும்.

7. செருப்பு வேண்டாம், தடிச்ச ஷூ போடுங்க. கருவை முள் ரப்பர் செருப்பைத் துளைச்சு அந்தப் பக்கம் வரும். புதருக்குள்ள கையை விடாதீங்க. விரியன் இருக்கிற காடு. தனியாப் போகாதீங்க. அடுத்தவர் பிஞ்சைன்னா ஒரு வார்த்தை கேட்டுட்டு இறங்குங்க.

கடைசியா ஒண்ணு. அந்தப் பக்கம் ஆடு மேய்க்கிறவர் தோள்ல தொரட்டியோட வருவார். தினம் தினம் கிளையை இழுத்து ஆட்டுக்கு ஒடிச்சுப் போடுற அவரைவிட அந்த இலைகளை அதிகமாப் பார்த்தவர் யாரும் கிடையாது. உங்களைப் பார்த்ததும், 'என்ன தம்பி, என்னத்தத் தேடிக்கிட்டு அலையிறீக?'ன்னு கேட்பார். வெட்கப்படாம, 'பொன்வண்டு பார்க்க வந்தோம்யா'ன்னு சொல்லுங்க. 'அட, இம்புட்டுத்தானா? கம்மாக்கரை உடைமரத்துல பாருங்க'ன்னு கை காட்டுவார். எங்கே, எந்த மாசம், முன்ன எப்படின்னு அவர் சொல்றதையும் நோட்டுல எழுதுங்க. அந்தப் பக்கத்துக்கு மேலே அவர் பேரையும் போடுங்க.

கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்துல 2018-ல் திறந்த பூச்சி அருங்காட்சியகம் இருக்கு. லீவுல கோவைப் பக்கம் போனா எட்டிப் பாருங்க. 'பூச்சி பார்க்கிறதெல்லாம் ஒரு வேலையா?'ன்னு வீட்ல கேட்டா, 'என்டமாலஜி'ன்னு ஒரு படிப்பே இருக்குன்னு தைரியமாச் சொல்லலாம்.

கார்த்திகை முடியறதுக்குள்ள உங்க நோட்டு குறைஞ்சது நாலு பக்கம் நிரம்பியிருக்கணும், ஓகேவா? அடுத்த வாரம் அதே கண்மாய்க்கு இன்னொரு வேலையா இறங்கப் போறோம். தண்ணிக்குள்ள! அதுக்கு மட்டும் ஷூவைக் கழட்டி கரையில வெச்சுட்டு வாங்க.